எழுந்து கொடுத்த நாற்காலி

1

பிள்ளைகளே,

அந்தமானைப் பற்றி உங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதும்படி உங்கள் தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். அவரும் நானும் எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். அதன்பின் அவர் மேலே படிக்கப் போனார், நான் மதராஸில் கப்பலேறினேன். நீங்கள் கேட்ட கேள்விகளையும் அனுப்பியிருக்கிறார். ஜெயில் இன்னும் இருக்கிறதா, காட்டில் இருப்பவர்கள் அம்பு விடுவார்களா, சுறாமீன் எவ்வளவு பெரியது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜெயிலை நான் இரண்டு முறை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். காட்டுக்காரர்கள் தங்கள் பாட்டுக்குக் காட்டில் இருக்கிறார்கள். நாங்கள்தான் அவர்கள் காட்டோரம் வந்து வீடு கட்டியிருக்கிறோம். சுறாமீனைக் கருவாடாகத்தான் தெரியும்.

கடைசியில் ஒரு பிள்ளை எழுதியிருந்த கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்லத் தோன்றுகிறது. “போன வருஷம் உலக நாடுகளின் பாதுகாப்புச் சபைக்கு நம் நாடு தலைமை ஏற்றபோது அந்தமானில் கொண்டாடினீர்களா?” என்று கேட்டிருந்தாய், அம்மா. உன் பெயரை எழுதவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் பெண் பிள்ளை என்று தெரிகிறது.

கொண்டாடினோம். நான் கொண்டாடியதைச் சொல்கிறேன்.

2

பெரார்கஞ்சுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது நாங்கள் இருக்கும் இடம். நான் ரோடு போடும் வேலையில் மேஸ்திரி. இங்கே நாலு வரிசை வீடுகள். முதல் வரிசை கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள். அடுத்தது மலபார்க்காரர்கள். மூன்றாவது ராஞ்சிப் பக்கத்து ஆட்கள், காட்டில் மரம் வெட்ட வந்து தங்கிவிட்டவர்கள். கடைசியில், ஓடையோரம், நம் ஆட்கள். எல்லோரும் பேசுவது ஒரு மாதிரி இந்தி. வடக்கே இருப்பவன் கேட்டால் சிரிப்பான். இங்கே அதுதான் சோறு போடும் பாஷை.

ஊருக்கு ஒரு கமிட்டி உண்டு. வரிசைக்கு ஒருவராக நாலு பேர். வங்காள வரிசைக்கு ஹல்தார் பாபு. ரேஷன் கடையும் அவருடையதுதான். மலபார் வரிசைக்கு மொய்து காக்கா (அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள்), டீக்கடை வைத்திருப்பவர். ராஞ்சி வரிசைக்கு பந்தன். நம் வரிசைக்கு நான். யாரைத் தலைவராக வைப்பது என்று முதல் இரண்டு வருஷம் சண்டை நடந்தது. பிறகு மாதம் ஒருவர் என்று பேசி முடித்தோம். அதற்கு அடையாளம் ஒரு படாக் மர நாற்காலி. ஊரில் கை வைத்த நாற்காலி அது ஒன்றுதான். மாதப் பிறப்பன்று, முறை முடிந்தவர் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் அடுத்தவர் வீட்டில் இறக்கிவிட வேண்டும். இறக்கியவருக்கு அந்த வீட்டில் டீ கொடுக்க வேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் யாரும் தவறியதில்லை.

கமிட்டியில் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு என்று நின்றுவிட்டால், நாற்காலியில் இருப்பவர் சொல்வதே முடிவு. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர், பன்னிரண்டு மாதம் என்பதால், டிசம்பர் எப்போதும் எனக்கு வரும்.

3

அப்போது கமிட்டி ஷெட்டில் சாயங்காலம் தமிழ் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பகலில் பள்ளிக்கூடம் இந்தியில். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் ஊரிலிருந்து கடிதம் வந்தால் தலைகீழாகப் பிடிப்பார்கள். பெரியவள் வசந்தா அப்படிப் பிடித்ததை ஒரு நாள் பார்த்தேன். அன்றே முடிவு செய்தேன்.

தமிழ் வாத்தியார் வேண்டும் என்று கேட்க போர்ட் பிளேர் ஆபீசுக்கு மூன்று முறை போனேன். லாரி பிடித்துப் போய், வேலை நாள் கெட்டு, வரிசையில் நின்றால், அங்கே இருந்த கிளார்க் நம் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். நான் தமிழில் கேட்டேன், அவர் இந்தியில் பதில் சொன்னார். சாயங்காலம் அபர்டீன் பஜாரில் டீக்கடையில் அதே ஆளைப் பார்த்தேன். “என்ன அண்ணாச்சி, போன காரியம் ஆச்சா?” என்று தமிழில் விசாரிக்கிறார்!

“நீங்கதானே சார் ஆகாதுன்னு சொன்னீங்க?”

“அது ஆபீஸ்ல. அங்க நான் தமிழ் பேசினா, மெட்ராஸ் ஆளுக்குச் சலுகை காட்டுறான்னு மேல எழுதிப் போட்டுருவான். டீ குடிங்க.”

டீயை அவர் வாங்கிக் கொடுத்தார். வாத்தியாரைக் கொடுக்கவில்லை.

அதனால் நாங்களே ஏற்பாடு செய்தோம். ரோஸ்மேரி என்று ஓர் அம்மா. இடிந்தகரைப் பக்கம், எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர். புருஷன் காட்டிலாகா லாரி ஓட்டுகிறவர். கூலி ஒன்றும் கேட்கவில்லை, “ஷெட்டு மட்டும் நிரந்தரமாக் கிடைச்சாப் போதும்ண்ணே” என்றார். நம் வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் போனார்கள். சின்னவள் மல்லிகாவுக்கு அப்போது வயசு ஆகவில்லை. வாசலில் உட்கார்ந்து மண்ணில் கிறுக்கிக்கொண்டிருப்பாள்.

4

போன டிசம்பரில் மொய்து காக்கா கடை ரேடியோவில்தான் செய்தி கேட்டேன். உலகத்தில் எங்கே சண்டை வந்தாலும் கூடிப் பேசும் பாதுகாப்புச் சபைக்கு இந்த மாதம் நம் நாடு தலைமை. கடையில் இருந்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஷிப் எப்ப வருதுன்னு அதுல சொன்னானா?” என்று ஒருவன் கேட்டான். கப்பல் பிந்தினால் இங்கே அரிசி கிடையாது. அவன் கவலை அவனுக்கு.

எனக்கு மட்டும் நெஞ்சு நிறைந்துவிட்டது. நாடு நாற்காலியில் இருக்கும் அதே மாதம் நானும் நாற்காலியில் இருக்கிறேன். சிரிக்காதீர்கள். படித்தவர்களுக்கு இது சின்ன விஷயம்.

அன்று சாயங்காலம் வகுப்பில் ரோஸ்மேரி டீச்சர் பிள்ளைகளைச் சபையாக உட்கார வைத்தார். நான் என் வீட்டில் இருந்த கமிட்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். வசந்தா இந்தியா. கையில் கொட்டாங்கச்சி, தட்டினால் எல்லோரும் வாயை மூட வேண்டும். அங்கேயும் மாதம் ஒரு நாடாகத்தான் மாறுமாம். இந்தியாவுக்கு அடுத்தது இந்தோனேசியா. “நிக்கோபாருக்குக் கீழ இருக்கே, நம்ம பக்கத்து வீடு, அதுதான்” என்று டீச்சர் விளக்கினார். பெரிய நாடுகள் ஐந்துக்கு மட்டும் தனி அதிகாரம். அதில் ஒன்று வேண்டாம் என்றால் மற்ற அத்தனை பேர் சொன்னதும் வீண்.

அப்போது வசந்தா கேட்டாள்: “டீச்சர், சண்டையே நம்ம நாட்டோடதுன்னா? நானே தலைவி, நானே சண்டைக்காரியா?”

“நல்ல கேள்வி. அப்ப நாற்காலியில இருக்கிறவங்க எழுந்து அடுத்த ஆளுக்குக் கொடுத்துரலாம். அந்த ஒரு விஷயம் முடியற வரைக்கும்.”

பின்னால் நின்ற நான் கேட்டேன், “கட்டாயமா டீச்சரம்மா?”

“கட்டாயம் இல்லண்ணே. அவங்கவங்க மனசைப் பொறுத்தது. நியாயம் பாக்கிறவங்க எழுந்திருப்பாங்க.”

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

5

அந்த மாதக் கூட்டத்தில் ஹல்தார் பாபு ஒரு பேச்சை எடுத்தார். ரேஷன் அரிசி அவர் வீட்டு ஓலைச் சார்ப்பில் நனைகிறது. கமிட்டி ஷெட்டுக்குத் தகரக் கூரை. ஒரு வருஷத்துக்கு ஷெட்டை அரிசி வைக்கக் கொடுக்க வேண்டும். பேச்சு இந்தியில்தான், உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

நான் எதிர்த்தேன். பிள்ளைகள் படிக்கும் இடம் என்றேன். மொய்து காக்கா என் பக்கம். “மேஸ்திரி பறஞ்சது சரி. அரிசியை அவர் வீட்டுக்குள்ள வைக்கட்டே, கட்டிலுக்கு அடியில” என்றார். பந்தன் கீழே பார்த்துக்கொண்டே ஹல்தார் பாபு பக்கம் கை தூக்கினான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கப்பல் பிந்தும் மாதத்தில் யாருக்கு முதலில் அரிசி அளப்பது என்பது ஹல்தார் பாபு கையில். பந்தன் வீட்டில் ஏழு உருப்படி. ஐந்து பெரிய நாடுகளின் அதிகாரம் எங்கள் ஊரில் ரேஷன் கடைக்கு இருந்தது.

இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலியில் இருப்பது நான். ஒரு வார்த்தை போதும்.

நான் எழுந்தேன்.

“இந்த வகுப்பில் என் மகள் படிக்கிறாள். இது என் சொந்த விஷயம் மாதிரி. இந்த மாதம் நம் நாடு உலகச் சபையில் தலைமை. அங்கே தன் விஷயம் வந்தால் எழுந்து அடுத்தவருக்குக் கொடுப்பார்களாம். நானும் கொடுக்கிறேன்” என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த இந்தி எல்லாம் அதில் செலவாகிவிட்டது.

எனக்கு அடுத்த முறை ஹல்தார் பாபுவுடையது. அவர் வந்து உட்கார்ந்தார். விஷயம் அவருடைய அரிசி, அவருடைய கடை. அவரும் எழுந்து, தனக்கு அடுத்த முறையான காக்காவுக்குக் கொடுப்பார் என்று நான் காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன்.

அவர் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். “ஷெட் அரிசிக்கு” என்றார்.

“பாபு, இது உங்கள் சொந்த விஷயம் இல்லையா?” என்று கேட்டேன்.

“மிஸ்த்ரி, அந்தக் கானூன், அந்தச் சட்டம், உன் ரேடியோவில் இருக்கிறது. எனக்கு ரேடியோ இல்லை” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார். “நான் அகதியாக வந்தவன். வழியில் பட்டினி பார்த்தவன். நனைந்த அரிசியைக் கொட்ட எனக்கு மனசு வராது. உன் மகள் எழுத்தைத் தின்பாளா?”

அவர் பட்டினி பார்த்தது பொய் இல்லை. ஆனால் அவர் வீட்டில் இரண்டு அறை காலியாக இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

நாற்காலியை அப்போதே அவர் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். மாதம் முடியவில்லை. அந்த ஒரு விஷயத்துக்குத்தான் கொடுத்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரி பாக்கியம் அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். “நாடு நாற்காலியில உக்காந்தா உங்களுக்கு என்னங்க? உக்காந்த எடத்துல கல்லாட்டம் இருக்கத் தெரியல” என்றாள். அதோடு அன்றைய கொண்டாட்டம் முடிந்தது.

6

மூட்டைகள் வந்து இறங்கின. கொஞ்ச நாள் டீச்சர் தன் வீட்டு வாசலில் வகுப்பு வைத்தார். மழை வந்தால் இல்லை, புருஷன் லாரி நின்றால் இல்லை. பிறகு அவர்களை வடக்கே மாயாபந்தருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது வசந்தாவிடம் கரும்பலகையைக் கொடுத்துவிட்டு, “அப்பா செஞ்சது சரிதான் பாப்பா” என்றார். அந்த ஒருவர்தான் சொன்னார்.

பிள்ளைகள் விலகுவது சத்தமே இல்லாமல் நடக்கிறது. முதலில் விளையாட்டில் இந்தி வந்தது. பிறகு சண்டையில். ஒரு நாள் மல்லிகா தூக்கத்தில் பேசினாள், அதுவும் இந்தி. வீட்டோடு இருந்து இந்தி பழகாத பாக்கியம் என்னை எழுப்பி, “என்ன சொல்லுது இது?” என்று கேட்டாள். பெற்றவளுக்குப் பிள்ளை உளறுவது புரியவில்லை. நான் மொழிபெயர்த்தேன். தண்ணீர் கேட்டிருக்கிறாள்.

உங்கள் ஊரிலிருந்து என் தம்பி வந்திருந்தபோது மல்லிகாவை மடியில் வைத்து, “சித்தப்பாவுக்கு ஒரு பாட்டுப் பாடு” என்றான். அவள் பள்ளிக்கூடத்து இந்திப் பாட்டைக் கை ஆட்டிப் பாடினாள். தம்பி கைதட்டினான். கப்பலேறும்போது என்னிடம், “அண்ணே, புள்ளைக நல்லா இருக்கு. ஆனா யாரு வீட்டுப் புள்ளைக மாதிரியோ இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனான். அதைச் சொல்ல அவன் கடல் தாண்டி வர வேண்டியிருந்ததா?

7

இந்த டிசம்பர் பிறந்தது. பந்தன்தான் நாற்காலியைத் தூக்கிவந்து என் வீட்டில் இறக்கினான். டீயைக் குடித்துவிட்டுத் தயங்கி நின்றான். “இந்தத் தடவை எழுந்திருக்காதீங்க” என்றான். எதிர்ப்பக்கம் கை தூக்கப் போகிறவன் சொல்கிறான்!

ஷெட்டுக்குக் கொடுத்த ஒரு வருஷம் முடிந்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஹல்தார் பாபு இன்னும் நீட்டிக் கேட்டார். அதே பேச்சு, அதே இரண்டுக்கு இரண்டு. ஒரு வருஷத்தில் எங்களில் யாருக்கும் ஒரு புது வார்த்தை கிடைக்கவில்லை. மொய்து காக்கா என் தொடையில் கிள்ளி, “இரி அவிடே, இருந்த எடத்துல இரு” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

ஷெட் வாசலில் வசந்தா நின்றுகொண்டிருந்தாள். மல்லிகா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வசந்தா என் காலையே பார்த்தாள். எழுந்திருப்பேனா என்று.

நான் உட்கார்ந்தே இருந்தேன். “ஷெட் வகுப்புக்கு” என்றேன்.

ஹல்தார் பாபு கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வந்து என் தோளில் தட்டினார். “சபாஷ், மிஸ்த்ரி! இப்போது நீயும் கற்றுக்கொண்டுவிட்டாய்” என்றார். பரிட்சையில் பாஸான பையனைத் தட்டுவதுபோலத் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் தோளில் இருக்கிறது.

மூட்டைகளை எடுத்து அவர் வீட்டு அறைகளில் அடுக்கினார்கள். தாராளமாக இடம் இருந்தது.

8

நேற்று வகுப்பைத் திறந்தேன். டீச்சர் இல்லை, எட்டாம் வகுப்பு படித்த நான்தான். பாக்கியம் சாணி போட்டு மெழுகியும் அரிசி வாடை போகவில்லை. மூலையெல்லாம் வண்டு. கரும்பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, நம் வரிசையில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன்.

“இந்தி டியூஷனுக்குப் போறான் மேஸ்திரி, பரிட்சை வருது.”

“அறுப்பு நேரம்ண்ணே, பொங்கல் கழிச்சுப் பாப்போம்.”

“இனிமே தமிழ் படிச்சு அது எங்க போகப் போகுது? மெயின்லேண்டுக்கா?” இதைச் சொன்னவர் போன வருஷம் ஷெட்டை விட்டேன் என்று என்னை ஒரு மாதம் திட்டியவர்.

வந்தது இரண்டு பேர். வசந்தா, மல்லிகா. என் வீட்டில் சொல்லிக் கொடுத்தாலே போதும் என்கிற கணக்கு. அதற்கு ஒரு ஷெட்டு, ஒரு தகரக் கூரை, ஒரு கமிட்டி முடிவு.

நான் அ எழுதினேன். மல்லிகா அதைப் பார்த்துவிட்டு, போகலாமா என்று அக்காளிடம் இந்தியில் கேட்டாள். வசந்தா அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயசு ஆகிறது. போன வருஷம் கொட்டாங்கச்சி தட்டிய இந்தியா.

“அப்பா, இந்தத் தடவ ஏன் எழுந்திருக்கல?”

“எழுந்திருச்சா இந்த எடம் கெடச்சிருக்குமா?”

“கெடச்சு என்ன?” என்றாள். ஷெட்டைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள்.

பிள்ளைகளே, நம் நாடு அந்த ஒரு மாதம் முடிந்ததும் எழுந்து இந்தோனேசியாவுக்கு வழிவிட்டது. முறைப்படி நடந்தது. நடுவில் தன் விஷயம் வந்ததா, எழுந்ததா, இருந்ததா, எனக்குத் தெரியாது. மொய்து காக்காவின் ரேடியோ அவ்வளவு தூரம் சொல்லவில்லை. நீங்கள் மேலே படிப்பீர்கள், தெரிந்துகொள்வீர்கள். தெரிந்தால் வசந்தாவுக்கு எழுதுங்கள். நான் போன வருஷம் செய்தது சரியா, இந்த வருஷம் செய்தது சரியா என்பதையும் எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு எழுதுங்கள். கேட்டது அவள்.

எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். வசந்தா எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். மல்லிகாவுக்கு அவள்தான் அதை இந்தியில் சொல்ல வேண்டும்.